கொத்துக் கணக்கும் கோட்டுக் கணக்கும்
சமையலறையில் ஒரு கணிதப் பாடம்

ஐந்து பேருக்குச் சோறாக்கிப் பழகியவர்கள் ஆலயத் திருவிழாவுக்கோ முன்பள்ளிக் கஞ்சிக்கோ பெரிய பானை ஏற்றும்போது, சோறு குழைந்துவிடுவதும் உப்புக் கரிப்பதும் எமது கிராமங்களில் அடிக்கடி நடப்பவை. "கைப்பழக்கம் போதாது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே பிழைப்பது கை அல்ல, கணக்கு. எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபுத் தாளில் போடும் நேர்கோட்டுக் கணக்குத்தான் அது. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதை வாசிக்கலாம்.

முதலில் எளிதானது. நான்கு சுண்டு ஒரு கொத்து. ஆகவே எத்தனை கொத்தென்றாலும் நான்கால் பெருக்கினால் சுண்டு வந்துவிடும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம், பதினாறு அவுன்ஸ் கொண்ட ஓர் இறாத்தல் ஏறக்குறைய 454 கிராம். (கடையில் நாம் ஓர் இறாத்தல் என்று கேட்டு வாங்கும் பாணுக்கு விதிக்கப்பட்ட நிறை 450 கிராம். பழைய பெயர் நாவில் நிற்க, அளவு மெட்ரிக்குக்கு மாறிவிட்டது.) இவையெல்லாம் நேர் விகிதசமன். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும். ஒன்று பூச்சியமானால் மற்றதும் பூச்சியம். வரைபில் கோடு உற்பத்திப் புள்ளியூடாகச் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொத்தும் கோப்பையும் கொள்ளளவுகள், கிராம் நிறை. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் எண் பொருளுக்குப் பொருள் வேறுபடும். 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் நீர் 250 கிராம் நிற்கும். அதே கோப்பையில் சீனி 200 கிராமுக்குச் சற்று மேல். அரித்த கோதுமை மா 130 கிராம் அளவில்தான். உங்கள் வீட்டுப் பேணிக்கு உரிய எண்ணை அறிய, கடைத் தராசில் அரிசி, மா, சீனி ஒவ்வொன்றிலும் ஒரு பேணியை ஒருமுறை நிறுத்து, சுவரில் எழுதி வைத்தால் போதும்.

இனிச் சோற்றுக்கு வருவோம். கஞ்சி வடிக்காமல் சமைக்கும்போது நாம் வார்க்கும் நீர் இரண்டு வழியில் போகிறது. ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது. அரிசி கூடினால் அதுவும் கூடும். மறு பகுதி ஆவியாகிறது. அது பானையின் வாயையும் மூடியையும் அடுப்பின் தணலையும் பொறுத்தது. அரிசி கூடியதற்காக அது அதே விகிதத்தில் கூடுவதில்லை. இந்த இரண்டாவது பகுதியை மறப்பதால்தான் பெரிய பானையில் சோறு குழைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே பானையில் ஒரு கொத்து அரிசிக்கு இரண்டு கொத்து நீரும், இரண்டு கொத்து அரிசிக்கு மூன்றரைக் கொத்து நீரும் பதமாக இருந்தன என்று கொள்வோம். அரிசி ஒரு கொத்துக் கூட, நீர் ஒன்றரைக் கொத்துக் கூடியிருக்கிறது. இந்த ஒன்றரைதான் கோட்டின் படித்திறன். முதல் தடவை வார்த்த இரண்டில் ஒன்றரையைக் கழித்தால் அரை மிஞ்சும். அது வெட்டுத்துண்டு, ஆவியாய்ப் போன நீர். ஆகவே,

நீர் = (1½ × அரிசி) + ½

ஐந்து கொத்து அரிசிக்கு நீர் எட்டுக் கொத்து. "ஒன்றுக்கு இரண்டு" என்று பெருக்கியவர் பத்துக் கொத்து வார்ப்பார். மேலதிகமான இரண்டு கொத்து நீர் சோற்றைக் களியாக்கிவிடும். வரைபுத் தாளில் கிடையாக அரிசியையும் நிலைக்குத்தாக நீரையும் குறித்து, இரண்டு புள்ளிகளையும் இணைத்து நீட்டிப் பாருங்கள். விடை கண்ணுக்கே தெரியும்.

இந்த எண்களை அப்படியே உங்கள் அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். பச்சையரிசி, புழுங்கலரிசி என்று அரிசி மாறினால் படித்திறன் மாறும்; பானை மாறினால் வெட்டுத்துண்டு மாறும். இரண்டு தடவை அளந்து உங்கள் கோட்டை நீங்களே கண்டுகொள்ள வேண்டும். பெரிய பானை கொதிக்க நேரம் எடுப்பதால் ஆவியும் சிறிது கூடும். அரைக் கொத்துச் சுடுநீரைப் பக்கத்தில் வைத்திருப்பது புத்தி.

இதே வடிவம் வெப்பமானியிலும் உண்டு: பரனைற்று = (1.8 × செல்சியஸ்) + 32. பழைய கேக் குறிப்புகளில் 350 பாகை பரனைற்று என்றிருந்தால் அது ஏறக்குறைய 177 பாகை செல்சியஸ். அரைவாசியாக்கினால் 175; பெரிய பிழையில்லை. 320ஐ அரைவாசியாக்கினால் சரியாகவே 160 வரும். இதை நம்பி, ஈஸ்ட் கரைக்கும் 110 பாகை நீரையும் அரைவாசியாக்கி 55 என்று எடுத்தால் ஈஸ்ட் செத்துவிடும், பாண் எழும்பாது. முறையாகக் கணக்கிட்டால் அது 43 பாகைதான்.

வெட்டுத்துண்டு இருக்கவே கூடாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குக் கொடுக்கும் கரைசல் அது. ஜீவனிப் பொட்டலம் கிடைத்தால் அதையே, பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். கிடைக்காதபோது, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும். அரை லீற்றருக்கு மூன்று தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு. இது உற்பத்திப் புள்ளியூடாகச் செல்லும் கோடு. "எதற்கும் இன்னும் ஒரு கிள்ளு" என்று உப்பைக் கூட்டுவது கறிக்குப் பொருந்தலாம். இங்கே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. நீரைக் குறைத்தாலும் அதே கேடுதான். கரண்டியைக் குவித்து அள்ளாமல் கத்தி முதுகால் வழித்து மட்டமாக்குங்கள். லீற்றர் அளவுக்கு, கொள்ளளவு எழுதப்பட்ட போத்தலையே பாவியுங்கள். பிள்ளை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும் வழியிலும், விழுங்கக் கூடிய பிள்ளையென்றால், கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.