எஞ்சின் ஓடும்போதே இறங்கு

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து பறந்த பயிற்சி விமானம் புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலை அருகே சாலையில் இறங்கியதைச் சொல்லிவிட்டு, “திருச்சி பக்கத்தில்தானே, இன்னும் கொஞ்சம் சமாளித்திருக்கக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறாய். என்ன பழுது என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். எனக்குக் கோபமெல்லாம் உன் ‘இன்னும் கொஞ்சம்’ மீதுதான்.

எஞ்சின் அடியோடு நின்றுவிட்டால் யோசிக்க அதிகமில்லை. எட்டுகிற இடத்தில் இறங்கியாக வேண்டும். அரைகுறையாக ஓடுகிற எஞ்சின்தான் ஆளை ஏமாற்றும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஒரு சிறுநூல் வெளியிட்டிருக்கிறது. ஓடுகிறதே என்று விமானிகள் ரன்வேக்குத் திரும்பப் பார்ப்பார்கள், உயரம் போதாது, மூக்கைத் தூக்குவார்கள், வேகம் செத்து, இறக்கை தூக்குதிறனை இழந்து ஸ்டால் ஆகும். மிச்சமிருக்கும் சக்தி ஊர் போய்ச் சேர்வதற்கல்ல, நல்ல இடம் தேடுவதற்கு. அது இருக்கும்வரை வயலுக்கு மேல் தாழப் பறந்து மின்கம்பி, வரப்பு, காற்றின் திசை எல்லாம் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மேலேறி வேறு வயல் தேடலாம். எஞ்சின் நின்ற பிறகு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது.

கார்புரேட்டரில் பனி பிடிப்பதை நீ நம்பவில்லை என்பது போன கடிதத்திலேயே தெரிந்தது. கேரளத்து வெயிலில் ஐஸா என்று எழுதியிருந்தாய். கோட்டைக்குள் எங்கள் தெருவில் காலையில் உலர்த்திய வேட்டி மாலையிலும் ஈரமாகவே இருக்கிற மாதங்கள் உண்டு. அந்த ஈரக்காற்றைத்தான் செஸ்னா 152 பயிற்சி விமானத்தின் எஞ்சின் குடிக்கிறது. கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோலும் ஆவியாகும்போது வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைத்திருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். முதலில் ஆர்.பி.எம். சத்தமில்லாமல் குறையும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுத்தால் இன்னும் குறையும். உருகிய தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் உதறும். மாணவர்கள் இங்கேதான் பயந்து கார்ப் ஹீட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதே! உதறல்தான் பனி உருகுவதற்கு அடையாளம். பொறுத்திருந்தால் ஆர்.பி.எம். ஏறும். காரணமே புலப்படாத எஞ்சின் கோளாறுகளில் பாதி இந்தப் பனிதான் என்பது என் கட்சி. தரையில் ஆராய வருவதற்குள் தடயம் உருகிவிடுகிறதே! இதை மறுப்பவர்கள் உண்டு, மறுக்கட்டும்.

ஆனால் கார்ப் ஹீட்டுக்கும் மசியவில்லை, ஆயில் அழுத்தமும் இறங்குகிறது என்றால் ஆராய்ச்சியை விடு. கன்ட்ரோல் டவரிடம் சொல், இறங்கு.

எங்கே இறங்குவது என்பதை அப்போது யோசிக்கக் கூடாது. விமானியும் எழுத்தாளருமான செந்த்-எக்சுபெரியின் 1939ஆம் ஆண்டுப் புத்தகம் என் மேசையைவிட்டு அகல்வதில்லை. தன் முதல் தபால் விமானத்தை ஓட்டப் போவதற்கு முந்தைய இரவில் அவர் நண்பர் கியோமேயிடம் போகிறார். நண்பர் ஸ்பெயின் வரைபடத்தை விரித்து நகரங்களைச் சொல்லாமல், குவாடிக்ஸ் அருகே ஒரு வயலோரம் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைச் சொல்கிறார். புல்லுக்குள் ஒளிந்து ஓடும் ஒரு வாய்க்காலைச் சொல்கிறார். விமானிக்கு வேண்டிய பூகோளம் இதுதான். உங்கள் பாடப்புத்தகங்களில் இது இல்லாதது எனக்கு ஆறாத வருத்தம்.

நம் ஊரை இப்படிப் பார்த்திருக்கிறாயா? மேலிருந்து பார்த்தால் எங்கும் தென்னை. சங்குமுகம் கடற்கரையைக் கடல் அரிக்கிறது. மற்ற கரைகளில் வள்ளங்கள், வலைகள், மனிதர்கள். வெள்ளாயணிப் பக்கம் வயல்கள் உண்டு, ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் ரன்வேயைக் கடந்து கடலுக்குப் போகும் நாட்களில் அந்த ரன்வேயையே சில மணி நேரம் மூடிவிடுவார்கள். அன்று வெளியூரிலிருந்து வருகிறவன் மாற்று இடத்தை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும்.

அடுத்த கடிதத்தில் தேர்வு மதிப்பெண் வேண்டாம். நீ வழக்கமாகப் பறக்கும் வழியில், இறங்கத் தகுந்த இடங்களை உன் கையால் வரைந்து அனுப்பு. மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, ஆடிமாதத்தில் அங்கே என்ன பயிர் நிற்கும் என்பதையும் குறித்துவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்