மஞ்சப்பையைக் கொட்டிப் பார்

அன்புள்ள கண்ணு,

கொல்லிமலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாய் என்று தம்பி போனில் சொன்னான். மனசு நிறைந்துபோனது. அந்த மலையில் பல வருஷம் நடந்தவள் நான். ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேள்.

ஒருநாள் நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்கு ஒரு பெரியவர் கால் வீங்கி, தலைசுற்றலோடு வந்தார். பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தது. கையில் மஞ்சப்பை. வாங்கி பெஞ்சில் கொட்டினேன். நாங்கள் கொடுத்த அம்லோடிபின் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை ஒன்று. மருந்து ஒன்றேதான், அட்டையில் போட்டிருந்த பெயர்தான் வேறு. இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். "அவங்க சொன்னதையும் கேக்கணும், நீங்க சொன்னதையும் கேக்கணும். நான் யாரைத் தாயி மீறுறது?" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு ஆஸ்பத்திரியும் தங்களுக்குள் பேசியிருக்க வேண்டியதை, அந்தப் படிக்காத மனுஷன் தலையில் ஏற்றிவிட்டிருந்தோம்.

இந்த மலையின் மலையாளிப் பழங்குடி சனங்களிடம் "கீழே போய்க் காட்டுங்க" என்று சொல்வது நமக்குச் சுலபம். அவர்களுக்கு அது காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு, ஒருநாள் கூலி, போன இடத்தில் எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாத திகைப்பு. அதனால் சீட்டு எழுதியதோடு விட்டுவிடாதே. என்ன நோய், என்ன மாத்திரை ஓடுகிறது, எதற்காக அனுப்புகிறோம் என்று டாக்டரிடம் கேட்டு அதில் எழுது. அங்கே போன் போட்டுச் சொல். திரும்பி வந்தாரா என்று விசாரி.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம் அது. வீட்டுக்குப் போகும் தன்னார்வலரிடம், "வேற எங்கயாவது மாத்திரை வாங்கியிருக்கீங்களா?" என்று தவறாமல் கேட்கச் சொல். பார்பரா ஸ்டார்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், ஆரம்ப சுகாதாரத்தின் அடிப்படைப் பணிகளில் ஒன்றாக இப்படிப் பல இடத்து வைத்தியத்தையும் ஒன்றாகக் கோக்கும் ஒருங்கிணைப்பைச் சொன்னார். நம் சனங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. தன்னை அறிந்த ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

அந்தப் பெரியவர் வந்த அன்றைக்கு டாக்டர் ஒரு அட்டையை நிறுத்தினார். சாப்பிட வேண்டிய மாத்திரைகளை ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்தேன். அடுத்த தடவை கீழே போனவர் அதை நீட்டியிருக்கிறார். அங்கிருந்த டாக்டர் அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பியிருந்தார். அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உன் கையால் அப்படி நிறையத் தாள்கள் மலை இறங்கி ஏறட்டும், கண்ணு.

உன் அத்தை