அரசர் கருவூலம் மக்கள் கூடமான கதை

பாரிஸ் மாநகரில் சீன் நதிக்கரையில் அமைந்துள்ள லூவர் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் சிலரே. புகழ்பெற்ற 'மோனலிசா' ஓவியம் அங்கேதான் உள்ளது என்பதையும் நாம் அறிவோம். ஆனால், அக்கட்டடம் முதலில் எதற்காகக் கட்டப்பட்டது? அங்குள்ள பொருள்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடினால், பிரான்சு நாட்டின் வரலாறே நம் கண்முன் விரியும்.

லூவர் தொடக்கத்தில் ஒரு கோட்டை. 1190ஆம் ஆண்டையொட்டி, சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிலிப் அகஸ்து மன்னர், தாம் இல்லாத வேளையில் பகைவர் நகரைத் தாக்காதிருக்க இதைக் கட்டுவித்தார். 14ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் அதைத் தம் உறைவிடமாக்கி, அங்கே நூலகமும் அமைத்தார். 1546இல் முதலாம் பிரான்சிஸ் மன்னர், பியேர் லெஸ்கோ என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அவ்விடத்தில் புதிய அரண்மனை எழுப்ப முற்பட்டார். லியோனார்டோ டாவின்சியைப் பிரான்சுக்கு அழைத்து ஆதரித்தவரும் இவரே. பழைய கோட்டைச் சுவரின் அடிப்பகுதியை இன்றும் நிலவறையில் காணலாம்.

1682இல் பதினான்காம் லூயி மன்னர் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். அரசர்கள் சேர்த்த கலைச் செல்வங்களோ அரச குடும்பத்தின் உடைமையாகவே இருந்தன. 1789இல் புரட்சி வெடித்தது. 1792 ஆகஸ்ட் 10இல் முடியாட்சி வீழ்ந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1793 ஆகஸ்ட் 10இல், லூவர் மக்களின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அன்று வைக்கப்பட்டவை 537 ஓவியங்கள். அவற்றுள் பெரும்பாலானவை அரசரிடமிருந்தும் ஆலயங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அரசர் மட்டுமே கண்டு மகிழ்ந்தவற்றைச் சாதாரணக் குடிமக்களும் கட்டணமின்றிக் கண்டனர்.

ஆயினும் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. நெப்போலியனின் படைகள் வென்ற நாடுகளிலிருந்தெல்லாம் கலைப்பொருள்கள் பாரிசுக்கு வந்து குவிந்தன. கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய புதுமையை நாம் அறிவோம். அக்காட்சியை வெரோனேசே என்னும் ஓவியர், வெனிஸ் நகர ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் உணவறைக்காக 1563இல் தீட்டி முடித்தார். அகலம் ஏறத்தாழ 10 மீட்டர்! 1797இல் பிரெஞ்சுப் படையினர் அதைத் துண்டுகளாக்கி எடுத்துச் சென்றனர். 1815இல் நெப்போலியன் வீழ்ந்தபின் பல பொருள்கள் சொந்த ஊர் திரும்பின. இதுவோ பயணம் தாங்காது என்று கூறப்பட்டு, பாரிசிலேயே தங்கிவிட்டது. ஆனால் 1939இல் போர் மூண்டபோது, அதே ஓவியம் சுருட்டப்பட்டுப் பாதுகாப்பான இடத்திற்குப் பயணம் செய்தது! இன்று மோனலிசாவின் அறையிலேயே அது உள்ளது. வெனிஸ் உணவறையில் 2007 முதல் அதன் நகல் தொங்குகிறது.

கொள்ளையிட்ட நாடே பின்னர் கொள்ளையிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், லூவருக்கு அருகே 'ழே து போம்' என்னும் அருங்காட்சியகத்தை நாஜிகள் கைப்பற்றினர். அது 1861இல் பந்தாட்டக் கூடமாகக் கட்டப்பட்ட கட்டடம். யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்களை அங்கே சேர்த்து, ஜெர்மனிக்கு அனுப்பினர். அங்கே பணிபுரிந்தவர் ரோஸ் வாலன் என்னும் பெண்மணி. சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்து, கல்வியால் உயர்ந்தவர். தமக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், அதிகாரிகளின் பேச்சைக் கேட்டு, எந்தப் பொருள் யாருடையது, எங்கே போகிறது என நான்கு ஆண்டுகள் இரகசியமாகக் குறித்து வைத்தார். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. போருக்குப்பின் சுமார் 60,000 பொருள்கள் பிரான்சுக்கு மீண்டன. அவற்றுள் சுமார் 45,000 உரியவரைச் சேர்ந்தன. அவருடைய குறிப்புகள் அதற்குப் பெருந்துணையாயின. ஆயுதம் ஏந்தாமல், ஒரு பென்சிலால் அவர் செய்த தொண்டு இது.

உரியவரிடம் ஒப்படைக்கும் பணி இன்னும் முடியவில்லை. 1892இல் ஆப்பிரிக்காவின் அபோமே அரண்மனையிலிருந்து பிரெஞ்சுப் படை எடுத்துச் சென்ற 26 அரும்பொருள்களை, 2021இல் பிரான்சு பெனின் நாட்டிடம் திருப்பி அளித்தது. இதற்கென்றே 2020இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

அன்புத் தோழியரே! ஓர் அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, "எவ்வளவு அழகு!" என்று வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். "இது யாருடையது? எப்படி இங்கு வந்தது?" என்றும் கேட்கப் பழகுவோம். அழகைப் போற்றுவது கலையறிவு. உரியவருக்கு உரியதைக் கொடுப்பது நீதி. இரண்டும் சேர்ந்ததே உண்மையான கல்வி.