அயலகத்தில் ஓர் அடையாளம்

நுழையும்முன்

கல்வி, பணி, வணிகம், சுற்றுலா எனப் பல நோக்கங்களுக்காக மக்கள் கடல் கடந்து செல்கின்றனர். அங்கு ஒருவர் இன்னார், இன்ன நாட்டினர் என எடுத்துரைக்கும் ஆவணம் கடவுச்சீட்டு. அது தொலைந்துவிட்டால் அல்லது காலாவதியாகிவிட்டால் யாரை அணுகுவது? இவ்வினாவிற்கு விடை தருகிறது இப்பாடம்.

சீட்டும் குடியுரிமையும்

இந்தியாவில் 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின்கீழ்க் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. வயது வந்தோருக்குரிய சீட்டு பொதுவாகப் பத்தாண்டுகள் செல்லும். கடவுச்சீட்டு குடியுரிமையை உருவாக்குவதில்லை. முன்னரே உள்ள குடியுரிமைக்குச் சான்று பகர்கிறது. ஆகவே, சீட்டு தொலைந்தாலும் ஒருவர் தம் நாட்டின் குடிமக்களுள் ஒருவராகவே நீடிக்கிறார். தம் நாட்டினருக்குக் கடவுச்சீட்டும் பயண ஆவணங்களும் வழங்குவதைத் தூதரகப் பணிகளுள் ஒன்றாக 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை குறிப்பிடுகிறது.

தொலைந்தபின் செய்யவேண்டுவன

சீட்டைத் தொலைத்தவர் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலைப் பெறவேண்டும். பின்னர் இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ அணுகவேண்டும். பழைய சீட்டின் நகல் இருந்தால் அடையாளத்தை உறுதிசெய்வது எளிதாகும். தொலைந்த சீட்டின் எண் நீக்கப்படுகிறது. பின்னர் அச்சீட்டே கிடைத்தாலும் அதனைக் கொண்டு பயணம் செய்ய இயலாது. பழைய சீட்டில் நுழைவிசைவு பதியப்பட்டிருந்தால், அந்நாட்டுக் குடியேற்றத் துறையையும் அணுகவேண்டியிருக்கும்.

காலாவதி நெருங்கும் சீட்டினை முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ளலாம். பயண நாளிலிருந்து ஆறு மாதங்களேனும் சீட்டு செல்லத்தக்கதாக இருக்கவேண்டும் எனப் பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. ஆதலால், காலாவதியாகும் நாள்வரை காத்திருத்தல் நன்றன்று.

அவசரச் சான்றிதழ்

புதிய சீட்டுக்காகக் காத்திருக்க இயலாதவர் உளர். தாய்நாட்டில் நெருங்கிய உறவினரின் இறப்பு, உடல்நலக் குறைவு, பணியிழப்பு போன்றவை உடனே திரும்பவேண்டிய நிலையை ஏற்படுத்தலாம். இத்தகையோருக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் வழங்குகிறது. இது தாய்நாடு திரும்பும் ஒருவழிப் பயணத்திற்கு மட்டுமே உரியது. வேறு நாட்டிற்குச் செல்ல உதவாது. ஊர் திரும்பியபின் புதிய கடவுச்சீட்டிற்கு முறைப்படி விண்ணப்பிக்கவேண்டும்.

தொழிலாளர் நலன்

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோருள் தமிழர் பலர். அவர்களுள் சிலர் சீட்டைத் தொலைப்பதில்லை. பணியமர்த்தியவரே அதனை வாங்கி வைத்துக்கொள்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு எக்காலத்தும் நடுவண் அரசின் உடைமை என்பது சட்டம். எனவே, சீட்டைத் திரும்பப் பெற இயலாத தொழிலாளர் தூதரகத்தின் உதவியை நாடலாம். இன்னலுறுவோருக்கு உதவ 2009ஆம் ஆண்டு இந்தியச் சமூக நல நிதியம் தொடங்கப்பட்டது. தற்காலிகத் தங்குமிடம், பயணச்சீட்டு, சட்ட உதவி முதலியவற்றிற்கு இந்நிதி பயன்படுகிறது.

கையில் ஆவணமின்றி நிற்பவரையும் தம் நாட்டவர் என இனங்கண்டு ஏற்பது அரசின் கடமை. அக்கடமையை அறிந்து உரிய உதவியைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை.

தெரிந்து தெளிவோம்

அயல்நாடு செல்வோர் கடவுச்சீட்டின் முதற்பக்கம், இறுதிப்பக்கம், நுழைவிசைவுப் பக்கம் ஆகியவற்றின் நகல்களைச் சீட்டிலிருந்து தனியே வைத்திருத்தல் வேண்டும். ஒரு நகலை வீட்டிலும் விட்டுச் செல்லலாம். அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்வது நன்று.