அரசாங்க மென்பொருளும் பதிலாட் சேவையும்

அரசாங்கக் காரியத்துக்கென ஆக்கப்படும் மென்பொருள் எதுவும் தனித்து இயங்குவதன்று. லுணுகலையைச் சூழ்ந்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் ஒரு தாய், உதவிப் பணம் வேண்டிப் பிரதேச செயலகத்துக்கு வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியிற் பதிகின்றார். திரையிலே தோன்றுவது ஒரு படிவம் மாத்திரமே. ஆயினும் அப்படிவம் செவ்வனே நிறைவுற வேண்டுமாயின், ஆள் இன்னார் என்பதை ஆட்பதிவுத் திணைக்களத்திடமும், பிள்ளைகளின் பிறப்பைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமும், பணம் சேரவேண்டிய கணக்கை வங்கியிடமும் மென்பொருள் வினாவி அறிதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று வாய் திறவாவிடினும் அவள் மறுநாளும் வரவேண்டியவளே. ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்று வழங்குவது தோட்டத்து மரபு. அம்மரபிற் சொன்னால், அவளுக்கு இன்னுமொரு பேர் போயிற்று.

இத்தகைய மென்பொருளை மக்கள் கையிற் கொடுக்குமுன் சோதிப்பது எவ்வாறு? மலர்க் குழுவினர் என் தொழிலைப் பற்றி எழுதுமாறு பணித்தபோது இவ்வினாவையே எடுத்துக்கொண்டேன். கணினி பயிலும் இளைய மாணவர்க்கு இது பயன்படும். ஏனையோர்க்கும் விளங்காத பொருளன்று.

மென்பொருளை ஆக்கும் காலத்திலே மேற்சொன்ன பதிவேடுகள் ஆக்குவோர் கைக்கு எட்டுவதில்லை. நாடு முழுவதற்குமான மெய்ப் பதிவேட்டைச் சோதனைக்காரர் விளையாடும் களமாகத் திறந்துவிட எந்தத் திணைக்களமும் இசையாது, இசையாதிருப்பதே முறை. சில வேளை எதிர்ப்பக்கத்து இடைமுகம் இன்னும் கட்டி முடியாதிருக்கும். முடிந்திருப்பினும், அது குறித்த நாளில் குறித்த மணிக்கே கிடைக்கும். ஆகவே, ‘எல்லாம் முடிந்தபின் ஒருங்கே இணைத்துப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் வழக்கம் உண்டாகின்றது.

அவ்வழக்கத்தின் பயனை உலகம் 2013 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கண்டது. சுகாதாரக் காப்புறுதி பெறுவதற்கென அந்நாட்டு அரசு அமைத்த ஹெல்த்கெயார் டொட் கவ் என்னும் தளம் அவ்வாண்டு ஒக்டோபர் 1 ஆம் நாள் திறக்கப்பட்டது. விண்ணப்பதாரர் ஒருவரின் வருமானம், குடியுரிமை முதலியவற்றை அது வரித் திணைக்களம், சமூகப் பாதுகாப்பு நிருவாகம், உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவற்றிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. முதல் நாளில் முற்றாகப் பதிவுபெற்றோர் ஆறு பேர் என்று பின்னர் வெளிவந்த குறிப்புக்கள் காட்டின. ஒப்பந்தக்காரர்கள் அம்மாதம் 24 ஆம் நாள் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றி, முதலிலிருந்து முடிவுவரையான முழுச் சோதனை திறப்புக்கு முந்திய இரு வாரங்களிலேயே நடைபெற்றது என்று சாட்சியம் கூறினர். செல்வமும் நிபுணரும் மிக்க நாட்டுக்கே இந்நிலை.

நிற்க. இவ்விடர்க்கு மாற்றாக எழுந்த முறையே சேவை மெய்நிகராக்கம் என்பது. பெயர் கடினம், பொருள் எளிது. மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தின் ஒத்திகையை நினைக்க. மன்மதன் வேடம் பூணவேண்டியவன் கொழும்பிலே வேலை செய்கின்றான். கடைசி நாளிலேதான் வருவான். அதுவரை அவனிடத்தில் வேறொருவன் நின்று பாட்டைப் பாடுகின்றான். ரதிக்கு ஆடுபவன் அப்பதிலாளை நோக்கியே தன் அடவைப் பழகுகின்றான். இங்ஙனமே, தூரத்திலுள்ள பதிவேட்டுக்குப் பதிலாக அதனைப் போலவே வினாவை ஏற்று விடையிறுக்கும் ஒரு சிறு நிரலை நம் கணினியிலேயே நிறுத்துகின்றோம். இதனைப் பதிலாட் சேவை என அழைக்கலாம். சோதிக்கப்படும் மென்பொருளுக்குத் தான் பேசுவது யாருடன் என்பது தெரியாது. அமைப்புக் கோப்பிலே முகவரி ஒன்றை மாற்றினாற் போதும்.

வணிக உலகில் இம்முறையைப் பரப்பியவற்றுள் ஐ.டி.கே.ஓ. என்னும் நிறுவனம் ஒன்று. அதனை 2011 இல் சீ.ஏ. நிறுவனம் வாங்கிற்று. இலவசமாகக் கிடைப்பனவற்றுள் வயர்மொக் என்பது பெயர்பெற்றது. சாதாரணக் கணினியிலே அது இயங்கும். இன்ன வினா வந்தால் இன்ன விடை கூறு என்று எழுதிவைத்தலே அதனைப் பழக்கும் வழி. மெய்ச் சேவையோடு நடந்த உரையாடலைப் பதிந்துகொண்டு மீளச் சொல்லவும் அதற்கு இயலும்.

இவ்வளவோடு அமைந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். நானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக் காரிய மென்பொருளுக்குப் பதிலாட் சேவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் எழுதிய பதிலாள் மிக நல்லவன். எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் இமைப்பொழுதில் ‘ஆம், உளர்’ என்பான். சோதனைகள் யாவும் தேறின. திறப்பு நாளன்று மெய்ப் பதிவேடு கூட்டத்தால் திணறி விடையிறுக்கச் சுணங்கிற்று. எங்கள் நிரலோ பத்துச் செக்கன் காத்திருந்து, பின்னர் திரையிலே ‘பதிவு இல்லை’ என்று எழுதிற்று. மௌனத்தை மறுப்பாகக் கொண்டுவிட்டது. உத்தியோகத்தர் திரையில் உள்ளதை அப்படியே வாசித்தார். கேட்ட முதியவர் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாது தம் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

அவர் ஏன் வினாவவில்லை என்பதை மலைநாட்டார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின், ‘பதிவில் இல்லை’ என்னும் சொல் நம் லயங்களில் மூன்று தலைமுறை கேட்ட சொல். 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அதன்பின் வந்த சட்டங்களும் கடந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அக்கணக்கு நீண்டது. அத்தகையவரை நோக்கி ஒரு கணினி பிழையாக அச்சொல்லைச் சொல்லுமாயின், அதனைச் சிறு வழு எனக் குறிப்பேட்டில் எழுதிக் கடந்துவிட முடியாது.

ஆதலாற் பதிலாளுக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது இல்லை என்று சொல்லவும், சுணங்கவும், சொல்லாது விடவுமே. இம்மூன்றும் வெவ்வேறு. இணைய வழக்கில் 404 என்னும் குறியீடு ‘தேடியது இங்கில்லை’ எனப் பொருள்படும்; 503 என்பது ‘இப்போது சேவை தர இயலாது’ என்பதாகும். மூன்றாவது, குறியீடே வராத மௌனம். முதலாவது வந்தால் உத்தியோகத்தர் வேறு சான்று கேட்கலாம். மற்றவை இரண்டும் வந்தால், ‘பதிவேடு பதில் தரவில்லை, விண்ணப்பம் சேமிக்கப்பட்டது’ என்று திரை சொல்ல வேண்டும், மென்பொருள் தானே பின்னர் மீண்டும் வினாவ வேண்டும். வயர்மொக்கிலே விடைக்கு இத்தனை நேரத் தாமதம் என்று குறிக்கலாம். இடையிலே இணைப்பை அறுக்கவும் செய்யலாம். நான் அன்று செய்யாது விட்ட வேலை அரை மணி நேரத்து வேலை.

அடுத்தது பதிலாளின் கையிலுள்ள தரவு. இங்கே நம் நாட்டு அடையாள அட்டை இலக்கம் ஒரு நல்ல பாடம். பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். இதில் ஒரு நுட்பம் உண்டு: நாட்கணக்கிலே பெப்ரவரிக்கு எவ்வாண்டிலும் 29 நாள் கொள்ளப்படும். 1975 மார்ச் 1 ஆம் நாள் பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாட்காட்டிப்படி அது 60 ஆம் நாள். அட்டைக் கணக்கிலே 61; ஆகவே அவளுடைய இலக்கம் 75561 என்று தொடங்கும். நாட்காட்டியை மாத்திரம் நம்பி நிரல் எழுதியவர் அவளுடைய பிறந்த நாளை மார்ச் 2 என்று காட்டுவார். பிறப்புச் சான்றிதழோடு அது ஒவ்வாது. பதிலாளின் தரவில் இப்படி ஒரு பெண்ணைச் சேர்த்துவைத்தால் பிழை முதல் நாளிலேயே வெளிப்படும். ஈற்றெழுத்தும் அவ்வாறே. வாக்குரிமை உடையோர்க்கு வி, அஃதில்லார்க்கு எக்ஸ் என்பது பொதுவான விளக்கம். வி ஒன்றையே ஏற்கும் படிவம் யாரை வெளியே நிறுத்தும் என்பதை மலைநாட்டார் அறிவர்.

பெயர் இதனினும் சிக்கலானது. 2014 ஆம் ஆண்டுக்கு முன் வட, கீழ் மாகாணங்களுக்கு வெளியே வழங்கப்பட்ட அட்டைகளிற் பெயர் சிங்களத்தில் மாத்திரமே எழுதப்பட்டது. ஆகவே ஊவாவிலுள்ள ஒரு மாரியாயியின் பெயர் அட்டையிலே சிங்களத்திலும், வங்கிப் புத்தகத்திலே ஆங்கிலத்திலும் இருக்க, அவள் தாயிட்ட பெயர் தமிழிலே இருக்கும். மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஒவ்வாவிடின் தள்ளுக என எழுதப்பட்ட நிரல், ஒழுங்கான கொழும்புப் பெயர்கள் பத்தை வைத்துச் சோதித்தால் தேறிவிடும், லுணுகலையிலே தோற்கும்.

இவ்வகைத் தரவுக்கு மெய்யான மனிதரின் விவரங்களைப் பிரதிசெய்து எடுப்பது தகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலே இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும் பிறர் வீட்டுக் கணக்கைப் பயிற்சிக் கொப்பியாக்குவது நாகரிகமன்று. கற்பனை மனிதரைப் படைத்தலே வழி. இந்தியாவிலே ஆதார் இலக்கத்தை வழங்கும் அதிகார சபை, நிரலாளர் பயன்படுத்துவதற்கென்றே சோதனை இலக்கங்களை வெளியிட்டது.

மோசிப் என்னும் திறந்த மூல அடையாள மென்பொருளிலும் இக்கருத்து நன்கு செயற்பட்டுள்ளது. பெங்களூரிலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலே 2018 இல் அது தொடங்கப்பெற்றது. பிலிப்பைன்சும் மொரோக்கோவும் அதனைக் கைக்கொண்டன. 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்பட்ட நம் நாட்டு டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கும் அதுவே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஒருவருடைய விரல் ரேகை முன்னரே வேறு பெயரிற் பதியப்பட்டுள்ளதா என்று ஒப்புநோக்கும் பொறி விலையுயர்ந்தது. வேறு நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டுவது. அது வருமுன் சோதிப்பதற்காக மோசிப் தானே ஒரு பதிலாளை வழங்குகின்றது. ‘இந்த ரேகை வந்தால் இரட்டைப் பதிவு என்று சொல், இத்தனை செக்கன் தாமதித்துச் சொல், இதற்குப் பிழை என்று சொல்’ என்றெல்லாம் அதற்குக் கட்டளையிடலாம். வெறுமனே தலையாட்டும் பதிலாளாக அதனை ஆக்காது விட்டவர்கள் தொழில் அறிந்தவர்கள்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பதிலாள் தேறிவிட்டது என்பதால் மெய்ச் சேவையோடு சோதிப்பதைக் கைவிடலாகாது; மன்மதன் ஊருக்கு வந்தபின் ஓர் இரவாவது அவனோடு ஆடிப்பார்க்கத்தான் வேண்டும். அன்றியும், எதிர்ப்பக்கத்துத் திணைக்களம் தன் இடைமுகத்தை மாற்றினால் பதிலாளையும் அன்றே மாற்றுதல் வேண்டும். இதனை யார் செய்வது என்பது கேள்விப்பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. பதிவேட்டின் உரிமையாளரான திணைக்களமே பதிலாளையும் ஆக்கி, அதனிடம் வினாவ விரும்பும் எல்லா அலுவலகங்களுக்கும் வழங்குவது மேலும் நன்று. பத்துக் குழுக்கள் பத்துப் பதிலாள்களை எழுதினால், பத்தும் பத்து விதமாகப் பொய் சொல்லும்.

2016 சனவரி 1 ஆம் நாள் முதல் அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டாயிற்று, ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, ஈற்றெழுத்து நீங்கிற்று. பழைய அட்டைகளும் செல்லுபடியாயிருந்தன. அன்று முதற்கொண்டு பதிலாளின் பதிவேட்டில் இருவகை இலக்கமும் இருந்திருக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு இலக்கத்தோடும் வரும் நிலையும் இருந்திருக்க வேண்டும். 75561 என்று தொடங்கிய நம் பெண், அட்டையைத் தொலைத்துப் புதியது எடுத்தால், 1975561 என்று தொடங்கும் இலக்கத்தோடு வருவாள். இருவரும் ஒருவரே என்பதை மென்பொருள் அறியுமா என்பதே இளைய மாணவர்க்கு நான் விட்டுச்செல்லும் முதற் பயிற்சி.