சீன மொழி கற்போர்க்குப் பேச்சுத் துணை

பலாங்கொடை வாரச் சந்தைக்குத் தாயோடு இறங்கி வரும் தோட்டத்துச் சிறுவன் சிங்கள இலக்கணம் கற்றவனல்லன். ஆயினும் போஞ்சிக்கும் கத்தரிக்கும் விலை பேசவும், பஸ் நடத்துநரிடம் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கவும் அவன் அறிவான். அவனுடைய தமையனோ பள்ளியிலே பல்லாண்டு ஆங்கிலம் கற்றவன்; வினைச்சொற்களின் முக்கால வடிவங்களையும் பிழையின்றி ஒப்பிப்பவன். எனினும் பெலிகுல்லோயாவுக்கு வழி கேட்ட வெளிநாட்டார் ஒருவர் முன்னே வாய் திறவாது நின்றான். இருவர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு அறிவினால் வந்ததன்று. ஒருவனுக்குப் பேச ஆள் இருந்தது, மற்றவனுக்கு இல்லை.

இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் சிலர் புலமைப்பரிசில் பெற்றும் சொந்தப் பொருள் செலவிட்டும் சீன தேசத்துப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். சீன மொழி மூலம் பட்டம் பயில்வோர்க்குப் பெரும்பாலும் முதலாண்டு முழுவதும் மொழிப் பயிற்சிக்கே செல்லும். ஆங்கில மூலம் மருத்துவம் கற்பவரும் நோயாளர் விடுதிக்குள் நுழையும் நாளிலே சீனம் பேசியே ஆதல் வேண்டும்; அங்குள்ள முதியவள் தன் நோவினை ஆங்கிலத்திற் கூறாள். பெலிகுல்லோயாவில் அமைந்த சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலே சீனம் பாடமாகக் கற்பிக்கப்படுதலின், நம் ஊரை அடுத்தே அம்மொழியைத் தொடங்குவாரும் உளர்.

சீனரோடு நமக்குள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியன் என்னும் துறவி அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கினார். அபயகிரியிலே ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைப் புத்தர் சிலைக்குக் காணிக்கையாக வைக்கக் கண்டு, அவர் தம்மையறியாது கண்ணீர் விட்டார் என அவர் பயணக் குறிப்புக் கூறும். பல்லாண்டு பிறமொழியாரிடையே வாழ்ந்தவரின் தனிமை அது. அயல்நாட்டு விடுதியில் முதல் மாதத்தைக் கழித்தவர் எவரும் அதனை எளிதில் உணர்வர். காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள கல்வெட்டோ 1409 ஆம் ஆண்டினது. கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுவிய அக்கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. ஒரு சீனரும் ஒரு தமிழரும் எங்கோ ஓரிடத்தில் அமர்ந்து, நேராகவோ இடையே மொழிபெயர்ப்பாளரை வைத்தோ உரையாடாமல் அக்கல் தோன்றியிராது. 1952 ஆம் ஆண்டின் இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை நம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்தார்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. நம்மவர் வெட்டிய பால் சீனம் சென்றது. சீனத்து அரிசி நம் லயங்களில் உலையேறிற்று.

நிற்க. சீனம் பேசுதற்கு அரிய மொழி என்பர். அதன் எழுத்து அரிது. பேச்சு அத்துணை அரிதன்று என்பது என் கருத்து. நாற்குரல் என்னும் நான்கு இசை வேறுபாடுகளே நம்மவர்க்கு முதற் தடை. மேல்நிலையில் சமமாக ஒலித்தால் ‘தாங்’ என்பது இரசம். குரலை ஏற்றி ஒலித்தால் சர்க்கரை. ‘மாய்’ என்பதனைத் தாழ்த்தி வளைத்தால் வாங்குதல். மேலிருந்து சட்டென இறக்கினால் விற்றல். சந்தையிலே இவை மாறின் நிகழ்வதை ஊகித்துக்கொள்க.

இரண்டாவது தடை மூச்சு. ‘பா’ என நாம் இயல்பாக ஒலித்துக் குரலை இறக்கினால் அது சீனத்தில் தந்தையைக் குறிக்கும். அதனையே மூச்சை ஊதி ஒலித்தால் அஞ்சுதல் என்று பொருள்படும். வயிற்றைக் குறிக்கும் சொல்லுக்கும் முயலைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே இவ்வொரு மூச்சே வேறுபாடு. யான் ஒருநாள் மருந்தகத்தில் வயிற்றுவலி என்று கூற, முயலுக்கு வலி என்று கேட்ட பெண் நெடுநேரம் சிரித்து, பின்னர் மருந்து தந்தாள். மெல்லிய தாளொன்றை வாய்க்கு முன்னே பிடித்துப் பழகுக. ஊதும் ஒலிக்குத் தாள் ஆட வேண்டும், மற்றையதற்கு ஆடலாகாது. நமக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஆங்கிலேயரும் பிறரும் இடர்ப்படும் பெய்ஜிங் நகரத்து ரகர ஒலி நம் ழகரத்தை ஒட்டியது. ‘தமிழ்’ எனச் செம்மையாகச் சொல்ல வல்லவன் அதனைப் பெரிதும் சொல்ல வல்லவனே.

இவையெல்லாம் நூலிலே படித்துத் தெளியலாம்; நாவிலே ஏறுவதற்கு எதிரே ஒருவர் வேண்டும். தேர்வை நம்பியிருத்தலும் ஆகாது. 2010 இல் ஆறு படிகளாக வகுக்கப்பட்ட சீன மொழித் தேர்விலே கேட்டலும் வாசித்தலும் எழுதுதலும் மட்டுமே இருந்தன. பேச்சுக்கு வேறொரு தேர்வு தனியே இருந்தது. ஆகவே அன்று ஆயிரத்து இருநூறு சொல் வேண்டிய நான்காம் படியை வாய் திறவாமலே ஒருவன் தாண்ட முடிந்தது. தாண்டியவரைக் கண்டுமிருக்கின்றேன். தெருவோரத்தில் நூடில்ஸ் விற்பவரிடம் அவர்கள் விரலாற் சுட்டியே உணவு பெற்றனர்.

சீன தேசத்திற்குச் சென்றுவிட்டால் எங்கும் சீனம் காதில் விழுமன்றோ எனலாம். விழாது. பல இடங்களில் வெளிநாட்டு மாணவர்க்கென விடுதி தனியே உண்டு. அங்கே நம்மவர் நம்மவரோடு சேர்ந்து பருப்புக் கறி சமைத்துத் தமிழும் சிங்களமும் பேசி ஓராண்டைக் கழித்துவிடுவர். அது குற்றமன்று, ஊர்ப் பாசம். ஆயினும் வாரத்தில் இரு மாலையேனும் அச்சமையலறையை விட்டு வெளியேறல் வேண்டும்.

மொழித் துணையைச் சீனர் ‘யூபான்’ என்பர். யூ என்பது மொழி, பான் என்பது துணை. நீ அவர்க்கு ஒரு மொழி கொடுக்க, அவர் உனக்குத் தம் மொழி தருவார். பணம் இடையே வராது. பெரும்பாலான சீன மாணவர் வேண்டுவது ஆங்கிலம். நம் ஆங்கிலம் சீமை ஆங்கிலமன்றே என்று நாணற்க. அவர்க்கு வேண்டியது பேச ஒரு மனிதர். பல்கலைக்கழகங்களில் ‘ஆங்கில மூலை’ என்னும் கூட்டங்கள் உண்டு. பெய்ஜிங்கில் மக்கள் பல்கலைக்கழக வளாகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. அங்கே சென்றால் இருபது பேர் சூழ்ந்து ஆங்கிலம் கேட்பர். சீனம் ஒரு சொல்லும் கிட்டாது. ஆனால் அவ்விருபதின்மருள் பொறுமையுள்ள ஒருவரைத் தெரிந்து மறுவாரம் சந்திக்கலாம். அக்கூட்டத்தின் பயன் அதுவே.

சந்திக்கும் இடம் உணவுச்சாலையோ நூலகப் படியோ ஆகுக. முதன்முறை காணும் எவரையும் பலர் நடமாடும் இடத்திலேயே காண்க. பெண் மாணவர்க்கு இதனை வற்புறுத்திக் கூறுவேன். கடிகாரத்தை மேசைமேல் வைத்து, அரைமணி சீனம், அரைமணி ஆங்கிலம் என வரையறுத்தல் இன்றியமையாதது. இல்லையேல் எவர்க்கு எம்மொழி எளிதோ அதுவே வென்றுவிடும். முதலாண்டிலே பெரும்பாலும் ஆங்கிலமே வெல்லும். சீன அரைமணியை முதலில் வைத்தல் நன்று. ‘இன்று என்ன பேசலாம்?’ என்று வெறுங்கையோடு செல்லற்க. ஒரு படம், ஒரு கடைச்சீட்டு, தாயார் சமைக்கும் ஒரு கறி என ஏதேனும் ஒன்று கையிலோ மனத்திலோ இருக்க வேண்டும். யான் ஒருமுறை தேயிலைக் கொழுந்து பறித்தலைப் பற்றிச் சொல்லப் புகுந்தேன். கூடையின் எடை, அட்டைக்கடி, காலைப் பிரட்டு என விரிந்து மூன்று வாரம் சென்றது. தேநீர் குடித்தே வளர்ந்த என் துணைவர்க்கு அவையெல்லாம் புதுமை.

பிழை ஒவ்வொன்றையும் உடனுக்குடன் திருத்தச் சொன்னால் பேச்சு அற்றுப்போம். இறுதியில் நான்கைந்து பிழை மட்டும் எழுதித் தருமாறு கேட்க. கேளாவிடின் தாமாகத் திருத்தார். இரு சொல் பேசிய மாத்திரத்தே ‘உங்கள் சீனம் மிக நன்று’ என்பர், அது உபசாரம். வீசாட் செயலி வழியே குரற்செய்தி அனுப்புதலும் நல்ல பயிற்சியே. மறுபடி மறுபடி கேட்கலாம். நம் பிழையை நாமே கேட்டு வெட்கமுறலாம். பூங்காக்களிலே காலையில் கூடும் முதியோர் ஓய்வும் உரையாடும் விருப்பும் உடையவர். ஆனால் தென்னகரங்களில் அவர்கள் பேசுவது பொதுச் சீனமன்று என்பதை அறிந்து செல்க. குவாங்சோவில் யான் அரைநாள் செவிமடுத்தும் ஒரு சொல் விளங்கவில்லை.

தமிழையே விலையாகக் கொடுக்கும் வாய்ப்பும் உண்டு. 1963 இல் பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்ப் பெயர் பூண்ட சீன அறிவிப்பாளர் குரலைச் சிற்றலையிற் கேட்டவர் நம் பழைய மாணவருள் இருப்பர். 2018 இல் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. அத்தகைய மாணவர் எழுத்துத் தமிழை அழகாகப் பேசுவர். ‘யான் உணவகம் செல்கின்றேன்’ என்பார்க்குப் ‘போறேன்’ என்பதைச் சொல்லித்தர ஒருவர் தேவை. நம் கொச்சைக்கும் ஒரு மதிப்பு உண்டாகும் இடம் அது.

புறப்படுமுன் ஊரிலேயே இவ்வழக்கத்தைப் பழகலாம். அரசாங்க ஊழியர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டுமென 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. அதனால் தமிழ் பேசிப் பழக ஆள் தேடும் சிங்கள உத்தியோகத்தரும், சிங்களத்தில் விண்ணப்பம் எழுதத் தடுமாறும் தோட்டத்து இளைஞரும் ஒரே பட்டினத்தில், ஒரே தேநீர்க் கடையில், தனித்தனி மேசைகளில் இருக்கின்றனர். ஒரு மேசைக்கு வர ஒருவர் முதலில் எழுந்தாற் போதும்.

சீனம் சென்ற முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று. பெயர், நாடு, கொடுக்கும் மொழி, வேண்டும் மொழி, ஓய்வுள்ள நேரம் ஆகியவற்றை ஆசிரியரிடம் திருத்திப் பெற்ற சீனத்தில் ஒரு தாளில் எழுதுக. அடியிலே தொலைபேசி எண்ணைப் பத்துமுறை எழுதி, கிழித்தெடுக்க வசதியாகக் கீறிவிட்டு, சீன மாணவர் உண்ணும் சாலையின் அறிவித்தற் பலகையில் ஒட்டுக. வெளிநாட்டார் விடுதியில் ஒட்டிப் பயனில்லை. மூன்றாம் நாள் சென்று எத்தனை துண்டு குறைந்துள்ளன எனப் பார்க்க.