வானலை இணைய நிலையங்களும் மின்சாரக் காவலும்

விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ வேந்தனாகிய முதலாம் மகேந்திரவர்மன் ஆங்குப் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகட்குக் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் என்னும் இவையின்றி அஃது ஆக்கப்பட்டதென்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. கெடுவனவற்றை அவன் விலக்கினான்; ஆதலின் அவன் பணி 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகின்றது.

சிற்றூர்களுக்கு வானலை வழியாக இணையத்தைக் கொண்டு செல்வோர்க்கோ அவ்வழி இயலாது. அவர் நிறுத்துங் கோபுரமும் உலோகம், கம்பியும் உலோகம், அவற்றுக்கு உயிராவது மின்சாரம். விலக்க இயலாதவற்றைக் காத்தே ஆகவேண்டும். அக்காவல் யாதென்பதை நம் மாணாக்கர் பொருட்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

தேனி தந்த பாடம்

தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலுள்ள கண் பரிசோதனை நிலையங்களையும், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் வானலையால் இணைத்தனர். நோயாளி தம் ஊர் நிலையத்தில் அமர்ந்திருக்க, தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் அவரைக் கண்டு வினவி, வேண்டுவன கூறுவார். இணைப்பு அறுந்தால், பார்வை மங்கிய முதியவர் மருத்துவரைக் காணாமலே திரும்புவார். அல்லது கூலியை இழந்து நெடுந்தொலைவு பயணஞ் செய்வார். ஆதலின் இஃது எளியோரின் கண்ணைப் பற்றிய செய்தியென அறிக.

அவ்வாராய்ச்சியாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை ஓர் உண்மையைத் தெளிவாக்கிற்று. பழுதுகளிற் பெரும்பாலன வானலையால் விளைந்தன அல்ல, மின்சாரத்தால் விளைந்தனவே. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 1000 வோல்ட் வரையும் நொடிப்பொழுதில் எழுந்து தாழ்ந்ததை அவர்கள் அளந்து கண்டனர். மின்சாரம் திடீரென அறுதலால் கருவியின் நினைவகமும் கெட்டது.

மின்சாரம் முற்றும் இல்லாமையினுங் குறைந்து வருதல் கொடிது. என்னை? மின்சாரம் அறவே நின்றால் கருவி அணைந்துவிடும். மீண்டு வருங்கால் தானே எழும். மின்கலம் தளர்ந்து வோல்ட் சிறிது சிறிதாகக் குறையுங்காலோ, கருவி அணையாமலும் இயங்காமலும் உறைந்து நிற்கும். பின்னர் ஒருவர் நேரிற் சென்று அணைத்து எழுப்புதல் வேண்டும். இதற்கு மருந்து, வோல்ட் ஒரு வரம்பிற்குக் கீழ் இறங்கியவுடன் இணைப்பைத் தானே துண்டிக்கும் சிறு கருவியாம். 12 வோல்ட் ஈய மின்கலத்திற்கு அவ்வரம்பு ஏறத்தாழ 11.5 வோல்ட் எனக் கொள்ளலாம். இதனால் மின்கலமும் வற்றிக் கெடாமற் பிழைக்கும்.

சேமிப்புக் கணக்கு

ஒரு கோபுரத்தில் 8 வாட் கொள்ளும் வானலைக் கருவிகள் மூன்றும், 6 வாட் கொள்ளும் இணைப்புப் பெட்டி ஒன்றும் உள்ளன என்க. மொத்தம் 30 வாட். ஒரு நாளைக்கு 720 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1200 வாட்-மணி அடங்கும். எனினும் அதன் நீடுவாழ்வு கருதிப் பாதியே செலவிடத் தகும். ஆகவே ஒரு மின்கலம் 20 மணி நேரமே தாங்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை அலைத்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய நாளில் இருபது மணி போதாது. மூன்று நாளைக்கு 2160 வாட்-மணி வேண்டும். அதற்கு அவ்வகை மின்கலங்கள் நான்கு தேவை. கணக்கிடாது வைத்த சேமிப்பு, உதவி மிக வேண்டியிருக்கும் நாளிலேயே கைவிடும்.

மின்கலத்தின் 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்திப் பின்னர் மீண்டும் குறைத்தல் வீண் செலவு. மாற்றுந்தோறும் ஒரு பகுதி வெப்பமாய்க் கழியும். நேர்மின்சாரத்தையே நேரே செலுத்துவது சிக்கனம். கோபுரத்தின் மேல் நீண்ட மெல்லிய கம்பியில் அனுப்புங்கால் 48 வோல்ட்டாக அனுப்புதல் நன்று. வோல்ட் இருமடங்கானால் அதே வேலைக்கு ஆம்பியர் பாதியாகும். கம்பியில் நேரும் இழப்போ காற்பங்காகும். வெப்பமும் ஒரு பகையே: 25 பாகைக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய மின்கலத்தின் ஆயுள் பாதியாகும். ஆதலின் அதனைத் தகரப் பெட்டியிலிட்டு வெயிலில் வைத்தல் தகாது.

இடியும் பூமியும்

இடிதாங்கி ஒன்று நாட்டினாற் போதுமென்பர் சிலர். அது போதாது. இடிதாங்கிக்கு ஒரு பூமியிணைப்பும், கருவிகளுக்கு வேறொன்றும் தனித்தனியே இருந்தால், மின்னல் விழுங்கால் இரண்டிற்குமிடையே பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு தோன்றும். அவ்வெள்ளம் கருவியினூடே பாயும். ஆகவே எல்லாப் பூமியிணைப்புகளையும் தடித்த செப்புப் பட்டையால் ஒன்றாகப் பிணைத்தல் வேண்டும். கம்பியின் மேல்முனை, கீழ்முனை ஆகிய இரண்டிலும் மின்னெழுச்சி தாங்கிகளை அமைத்தல் வேண்டும். செஞ்சிப் பகுதிபோற் கற்பாறை மிக்க நிலத்தில் கம்பியை ஆழ இறக்குதல் அரிது. ஈரமண் உள்ள இடம் வரை பட்டையைக் கிடையாகப் புதைத்துக் கொண்டு செல்லலாம். இயலுமேல், கோபுரத்திற்கும் அறைக்குமிடையே செய்தியைக் கண்ணாடியிழை வழியாக அனுப்புக. உலோகமற்ற அவ்விழையில் மின்வெள்ளம் பாயாது.

முடிவுரை

இவையனைத்தும் இருந்தும், பார்ப்பார் இன்றேல் பயனில்லை. மின்கல முனைகளிற் பூத்த உப்பைத் துடைத்தலும், திங்கள்தோறும் வோல்ட்டை அளந்து ஏட்டிற் குறித்தலும், மழைக்காலத்திற்கு முன் பூமியிணைப்பைச் சோதித்தலும் உள்ளூரார் ஒருவர் கற்றுச் செய்யத்தக்க பணிகளே. நம் மாணாக்கர் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். விடுமுறையில் தம் ஊரில் இணைப்பு அறுந்ததென்று கேட்பின், வானை நோக்குமுன் மின்கலப் பெட்டி காக்கப்படுகின்றதா என்று வினவுவாராக. பொறுப்பாளர் இசைவுடன் அப்பணியைக் கற்றுக்கொள்வாராக. அத்துணையேனும் கற்றால், மருத்துவரை நோக்கிக் காத்திருக்கும் ஒருவர் அன்று காணாது திரும்பமாட்டார்.